பாக்கெட்டில் கோல்டன்பெரி, தொட்டியில் நீலப் பூ

மேற்கு மாவட்டம் ஒன்றில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதமும் பதினொரு புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். ஐந்து ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருப்பவர். ஊட்டிக்குப் போனபோது சாப்பிட்ட கோல்டன்பெரிப் பழத்தின் மேல் மகனுக்கு ஏற்பட்ட ஆசைக்காக, அந்தப் பெயர் அச்சிட்ட விதை பாக்கெட் ஒன்றை இணையம் வழியாக 140 ரூபாய்க்கு வாங்கி, ஆடிப்பெருக்கு அன்று விதைத்தார். முளைத்த பதினைந்து நாற்றுகளில் ஆறை வைத்துக்கொண்டு மீதியை மூன்று தோழிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். செடிகள் அவருடைய தோள் உயரத்துக்கு வளர்ந்தன. பூத்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. மஞ்சள் பூ வரும் என்று படித்திருந்தார். வந்ததோ வெளிர்நீலப் பூ. பூ உதிர்ந்ததும் பச்சைக் காகித விளக்குப் போல ஒரு கூடு, அதற்குள் காய்.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமியார், "இது நம் சொடக்குத் தக்காளிதான், இலையைக் கீரையாகக்கூடக் கடையலாம்" என்கிறார். கணவரின் செல்பேசிச் செயலி ஒரு முறை ஊமத்தை என்றது, இன்னொரு முறை தக்காளி என்றது. பக்கத்துத் தொட்டியில் வெள்ளை ஊமத்தை இருப்பதால் இரண்டும் கலந்துவிட்டன என்பது அண்டை வீட்டுக்காரரின் கணிப்பு. இதற்கு நடுவில் ஆறு வயது மகன் ஒரு காயைக் கடித்துத் துப்பியிருக்கிறான். இரண்டு வாரம் ஆகியும் அவனுக்கு ஒன்றும் இல்லை. "ஒன்றும் ஆகவில்லை என்றால் விஷம் இல்லை என்றுதானே அர்த்தம்? இது என்ன செடி? பழுத்தால் சாப்பிடலாமா? விற்றவர் மேல் புகார் கொடுக்க முடியுமா? தோழிகளிடம் சொல்லத்தான் வேண்டுமா? அவர்களில் ஒருவரோடு ஒரு சீட்டுப் பண விஷயத்தில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனைப் பற்றி. கத்தரிக் குடும்பத்துச் செடிகளின் நஞ்சு உடலில் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள், மிஞ்சினால் ஓரிரு நாளில், தெரிந்துவிடும். கடித்துத் துப்பியவன் இரண்டு வாரமாக ஓடியாடி விளையாடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை மட்டும் ஏற்க முடியாது. அதைக் கீழே விளக்குகிறேன்.

அடுத்து, தோழிகள். இந்தப் பதிலின் மீதியைப் படிக்கும் முன்பே அவர்களுக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "நான் கொடுத்த செடியிலிருந்து இலை, காய், பழம் எதையும் சாப்பிட வேண்டாம், விவரம் பிறகு சொல்கிறேன்." பேச்சு நின்றுபோன தோழியைப் பற்றிக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

காகிதக் கூடு கட்டும் உறவினர்கள்

உங்கள் செடி கோல்டன்பெரி இல்லை. சொடக்குத் தக்காளியும் இல்லை, ஊமத்தையும் இல்லை. படங்களில் இருப்பது நிகாண்ட்ரா ஃபைசலோடிஸ் என்ற செடி. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால் ஆங்கிலத்தில் 'ஆப்பிள் ஆஃப் பெரு' என்று அழைப்பார்கள். ஆப்பிளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அழகுச் செடியாக உலகமெங்கும் கொண்டுபோகப்பட்டு, பல இடங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிக் களையாகிவிட்டது. நீலகிரியிலும் பழனி மலைப் பகுதியிலும் தானாக வளர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

எப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். அடுத்த முறை ஒரு பாக்கெட் உங்களை ஏமாற்றினால் நீங்களே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

கத்தரிக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,700 இனங்கள் இருக்கின்றன. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டை, தூதுவளை, மணத்தக்காளி எல்லாம் இதில் அடக்கம். புகையிலையும் ஊமத்தையும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். இந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு சில செடிகளுக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. பூவுக்கு அடியில் இருக்கும் பச்சை நிறப் புல்லிவட்டம், பூ உதிர்ந்த பிறகு வாடிப்போகாமல் வளர்ந்து, பலூன் போல ஊதி, காயை உள்ளே மூடிக்கொள்ளும். கோல்டன்பெரி எனப்படும் கேப் கூஸ்பெரி அப்படித்தான். சொடக்குத் தக்காளியும், மெக்சிகோவின் டொமட்டிலோவும், நம் அமுக்கராவும் அப்படித்தான். நிகாண்ட்ராவும் அந்த வரிசையில் வருகிறது. ஆகவே "கூடு இருக்கிறது" என்பதை வைத்து வீட்டை அடையாளம் காணலாம், ஆளை அடையாளம் காண முடியாது.

ஆளைக் காட்டிக் கொடுப்பது பூ. கேப் கூஸ்பெரியின் பூ மஞ்சள். தொண்டைக்குள் ஐந்து பழுப்பு ஊதாத் திட்டுகள் இருக்கும். சொடக்குத் தக்காளிக்கும் டொமட்டிலோவுக்கும் மஞ்சள் பூதான். அமுக்கராவின் பூ இலைக்கணுவில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மிகச் சிறியது. உங்கள் மூன்றாவது படத்தில் இருப்பதோ தனிப் பூ. தலை கவிழ்ந்த மணி வடிவம், வெளிர்நீல விளிம்பு, வெள்ளைத் தொண்டை. "நண்பகலில் சில மணி நேரம்தான் விரிகிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் பழகியவர் மட்டுமே கவனிக்கக்கூடிய குறிப்பு அது. நிகாண்ட்ராவின் பூ அப்படித்தான் விரியும்.

இரண்டாவது சாட்சி கூட்டின் அடிப்பகுதி. உங்கள் ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேப் கூஸ்பெரியின் கூடு ஒரே துண்டாகத் தைத்த சுருக்குப் பை போல இருக்கும். நுனியில் மட்டும் ஐந்து பற்கள். உங்கள் செடியின் கூடு ஐந்து தனித்தனி இலைகளைக் கைகூப்பி வைத்தது போல இருக்கிறது. ஒவ்வொரு மடலின் அடியும் இதய வடிவில் பிளந்து, இரண்டு கூர்மையான காதுகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காதுகள் கேப் கூஸ்பெரிக்குக் கிடையாது.

இலையும் ஒத்துப்போகிறது. கேப் கூஸ்பெரியின் இலை இதய வடிவில், தடவினால் வெல்வெட் போல இருக்கும். உங்கள் செடியின் இலை ஏறக்குறைய மழமழப்பாக, ஓரத்தில் ஒழுங்கற்ற பெரிய பற்களோடு இருக்கிறது. ஊமத்தை இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். செயலி ஊமத்தை என்று சொன்னதன் காரணம் இதுவாக இருக்கலாம். பூவின் படத்தையோ கூட்டின் அடியையோ அதற்குக் காட்டியிருந்தால் விடை வேறாக வந்திருக்கும். செயலியின் பதிலை ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு செடிக்கு இரண்டு முறை இரண்டு பெயர் சொன்ன கருவியை நம்பிக் கீரை கடையக் கூடாது.

இன்னும் ஒரு சோதனை மீதம் இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். நன்கு முற்றி, கூடு பழுப்பாகிய காய் ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். கேப் கூஸ்பெரி என்றால் உள்ளே இரண்டு அறை, நிறையச் சாறு, ஆரஞ்சு மஞ்சள் சதை. நிகாண்ட்ரா என்றால் மூன்று முதல் ஐந்து அறை, மெல்லிய தோல், சாறு இல்லாத பழுப்புக் காய், அதற்குள் குவியலாக விதை. வெட்டிய பிறகு கையையும் கத்தியையும் கழுவிவிடுங்கள். இரண்டு அறையும் சாறும் கண்டால் உடனே எனக்கு எழுதுங்கள், என் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன். நாக்கில் வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் உங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் குழப்பத்துக்கு நல்ல துணை அது. 1753இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் இந்தச் செடிக்கு 'அட்ரோபா ஃபைசலோடிஸ்' என்று பெயர் வைத்தார். அட்ரோபா என்பது பெல்லடோனா என்ற கொடிய நச்சுச் செடியின் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதி. ஃபைசலோடிஸ் என்றால் ஃபைசாலிஸ் போன்றது, அதாவது சொடக்குத் தக்காளிக் கூட்டத்தைப் போன்றது. பார்வைக்கு இங்கே, உறவுக்கு அங்கே என்று அவரே இரண்டு பக்கமும் கைகாட்டியிருக்கிறார். பத்து ஆண்டு கழித்து அடன்சன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்குத் தனிப் பேரினம் கொடுத்தார். நஞ்சுகளையும் முறிவுகளையும் பற்றிச் செய்யுள் எழுதிய பழைய கிரேக்கக் கவிஞர் நிகாண்டரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அத்தை சொன்னது எங்கே சரி, எங்கே தவறு

உங்கள் மாமியாரைத் தவறாக நினைக்காதீர்கள். தக்காளி என்ற சொல்லே, அமெரிக்காவிலிருந்து இன்றைய தக்காளி வரும் முன்பு சொடக்குத் தக்காளி போன்ற நம் செடிகளுக்கு வழங்கிய பெயர். புதிதாக வந்ததைத்தான் சீமைத் தக்காளி என்றார்கள். கூட்டை ஊதி நெற்றியில் அடித்துச் 'சொடக்' என்று வெடிக்க வைத்து விளையாடிய தலைமுறை அவர்களுடையது. அந்தக் கூட்டைப் பார்த்ததும் அந்தப் பெயர் வாயில் வருவது இயல்பு. அவர் அறிந்த செடியைப் பற்றி அவர் சொல்வதில் பிழை இருக்காது. இது அவர் அறிந்த செடி இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது படத்தை அவரிடம் காட்டி, "அத்தை, சொடக்குத் தக்காளி எந்த நிறத்தில் பூக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். மஞ்சள் என்று அவரே சொல்வார். நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

மணத்தக்காளியை உண்பதால் இதையும் உண்ணலாம் என்ற அவருடைய எண்ணத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மணத்தக்காளியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கீரையாகவும் வற்றலாகவும் உண்டு அறிந்திருக்கிறோம். எந்தச் செடி, எந்தப் பருவம், காயா பழமா என்ற அறிவு அந்தப் பழக்கத்துக்குள் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பெயர்ச் சண்டை நடந்திருக்கிறது. 1909இல் அமெரிக்காவில் லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்பு வல்லுநர் உருவாக்கியதாகச் சொல்லி 'வொண்டர்பெரி' என்ற கறுப்புப் பழச் செடி விற்பனைக்கு வந்தது. இது வெறும் நச்சுக் களைதான் என்று ஒரு விவசாயப் பத்திரிகை எதிர்த்துக் கிளம்பி, பெரும் சர்ச்சை ஆயிற்று. கைதேர்ந்தவர்களுக்கே அந்த நிலை. நம் கைக்குப் பழகிய ஒரு செடியின் நற்பெயரை, ஆறு மாதம் முன்பு பாக்கெட்டில் வந்த செடிக்குக் கொடுத்துவிட முடியாது.

"ஒன்றும் ஆகவில்லையே" என்ற எண்ணம்

கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி இதுதான். உங்கள் மகன் கடித்தது ஒரு காய், அதையும் துப்பிவிட்டான். அந்த அளவில் அந்தக் காய் அவனைத் தொந்தரவு செய்யவில்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. நஞ்சு என்பது அளவைப் பொறுத்தது. பருவத்துக்குப் பருவம், இலைக்கும் காய்க்கும் வேருக்கும், ஒரே செடியிலேயே அளவு மாறும். ஒரு கிண்ணம் கீரை என்பது ஒரு கடி அல்ல.

நிகாண்ட்ராவை ஊமத்தை அளவுக்குக் கொடியது என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் அதில் நிகாண்ட்ரினோன் என்ற பூச்சிவிரட்டிப் பொருளும் அதன் இனத்துச் சேர்மங்களும் இருக்கின்றன. ஈயை விரட்டும் செடி என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு 'ஷூ ஃப்ளை' என்று ஒரு பெயரே உண்டு. நச்சுச் செடிகளின் பட்டியல்களில் இடம்பெறுவது. உணவாக எண்ண இடமே இல்லாதது.

குருவி கொத்தியது, கம்பளிப்புழு தின்றது என்பதையும் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். ஊமத்தை இலையையே தின்று கொழுக்கும் புழுக்கள் உண்டு. அவற்றின் வயிறு வேறு, நம் வயிறு வேறு. கொதிக்க வைத்தால் போய்விடும் என்பதும் தவறு. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் இருக்கும் சொலனின் என்ற நஞ்சும் ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற நஞ்சும் நம் அடுப்புச் சூட்டில் அழிந்துவிடுவதில்லை. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பசலை வகைக் கீரைப் பாக்கெட்டுகளில் ஊமத்தை இனக் களை ஒன்றின் இலை கலந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலம் கெட்டனர். கண்மணி விரிவது, வாய் வறண்டுபோவது, இதயம் படபடப்பது, இல்லாததைப் பார்ப்பது என்று அவதிப்பட்டார்கள். அந்த அறிகுறிகளை மனத்தில் பதித்து வையுங்கள். எந்தக் குழந்தையிடமாவது கண்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், 108ஐ அழைத்து, செடியின் ஒரு கிளையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்தக் கிளை பெரிய உதவி.

ஊமத்தை கலந்திருக்குமா?

கலக்காது. இரண்டும் வேறு வேறு பேரினங்கள். ஒருவேளை கலக்கக்கூடிய இரண்டு செடிகளாக இருந்தாலும், பக்கத்துத் தொட்டியின் மகரந்தம் உங்கள் செடியின் இலையையோ பூவின் நிறத்தையோ மாற்றாது. அந்தச் செடி எதுவாக வளரும் என்பது பாக்கெட்டில் இருந்த விதையிலேயே முடிவாகிவிட்டது. அயல் மகரந்தத்தின் விளைவு அடுத்த தலைமுறை விதைக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒட்டுக்கட்டுவது மட்டும் வேறு கதை. ஊமத்தை வேரில் தக்காளியை ஒட்டினால், வேரில் உண்டாகும் நஞ்சு மேலே ஏறிப் பழத்துக்கே வரும். அமெரிக்காவில் அப்படி ஒட்டிய தக்காளியைச் சாப்பிட்டவர்கள் நோய்ப்பட்டிருக்கிறார்கள். ஆகவே ஊமத்தையை நீங்கள் மாடியில் வைத்திருப்பதுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது. பூசைக்குப் பூ வேண்டும் என்றால் பிள்ளையின் கை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

உங்கள் கணவர் கண்டுபிடித்த காணொளி

சீனாவில் இந்தச் செடியின் விதையைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து குளிர்ச்சியான ஜெல்லி செய்கிறார்கள் என்று உங்கள் கணவர் காட்டியது உண்மைதான். சிச்சுவான் பகுதியில் 'பிங்ஃபென்' என்று பெயர்பெற்ற கோடைக்காலத் தின்பண்டம் அது. விதையின் மேலிருக்கும் பிசுபிசுப்பான பொருள் தண்ணீரில் இறங்கும். சுண்ணாம்பு நீர் சேர்த்ததும் அது உறையும். விதையை உண்பதில்லை, காயையோ இலையையோ சேர்ப்பதும் இல்லை. முற்றிய விதையை மட்டும் பிரித்து, அறிந்த முறையில், அறிந்தவர்கள் செய்வது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு உங்கள் மாடியில் முயல வேண்டாம் என்று அவரிடம் என் சார்பில் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு "இந்தச் செடியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு அதே செடியிலிருந்து இனிப்புச் செய்து கொடுத்தால், எது அவன் மனத்தில் நிற்கும்?

செடியை என்ன செய்வது

அழகான பூ, வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சிறு பிள்ளைகள் இல்லாத வீடு, காய் முற்றும் முன் கிள்ளிவிடும் பொறுமை, இரண்டும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஐரோப்பியத் தோட்டங்களில் பூவுக்காகவே இதை வளர்க்கிறார்கள். கூட்டைச் சொடக்கி விளையாடப் பழகிய பிள்ளை இருக்கும் உங்கள் வீட்டில் எடுத்துவிடுவதே நல்லது. உங்கள் உழைப்பு வீண் என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆறு தொட்டி, ஆறு மாத நீர், எரு, காத்திருப்பு.

எடுக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று, பூவும் காயும் சேர்ந்த ஒரு கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். தினமும் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். விதைத்த நாள், பறித்த நாள், இடம், உயரம், பூவின் நிறம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். காய்ந்த பூவில் நீலம் மங்கிவிடும் என்பதால் நிறத்தை எழுதுவது முக்கியம். கோவைக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் அதன் பழம்பெரும் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. என் கணிப்பை அவர்களிடம் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில் ஓர் அடையாளச் சான்று உங்களுக்குத் தேவைப்படும்.

இரண்டாவது, காய்களை முதலில் பறித்து உறையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கிறது, உதிர்ந்த விதை மண்ணில் பல ஆண்டு காத்திருந்து முளைக்கும். செடியை வேரோடு பிடுங்கி வெயிலில் நன்றாகக் காய வைத்து அப்புறப்படுத்துங்கள். ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட வேண்டாம், காய் சேர்ந்த கிளையை எருக்குழியிலும் போட வேண்டாம். அந்தத் தொட்டிகளில் அடுத்த மழைக்குப் பிறகு எது முளைத்தாலும் ஒரு வாரம் கவனித்துக் களையெடுங்கள்.

விற்றவர் மேல் புகார்

ஏமாற்றியே தீர வேண்டும் என்று அவர் செய்திருப்பார் என நான் நினைக்கவில்லை. கத்தரிக் குடும்பத்து விதைகள் பல, தட்டையான சின்ன வட்டாகப் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மொத்தமாக வாங்கிச் சிறு பாக்கெட்டுகளில் போடுபவரின் கை ஒரு முறை தவறினால் போதும். 2023இல் அமெரிக்காவில் ஹலப்பேன்யோ மிளகாய் என்று வாங்கி விதைத்த ஏராளமானோர் தோட்டத்தில் காரமே இல்லாத மஞ்சள் மிளகாய் காய்த்தது. ஆனாலும் பிழை பிழைதான். கத்தரிக்குப் பதில் வெண்டை வந்தால் ஏமாற்றத்தோடு போகும். பழத்துக்குப் பதில் உண்ணக் கூடாதது வந்தால் அது ஆபத்து. இன்னும் எத்தனை வீட்டு மாடியில் அந்த நீலப் பூ பூத்திருக்கிறதோ.

அதனால் முதலில் விற்றவருக்கே படங்களோடு எழுதுங்கள். அந்தத் தொகுதி விதையை நிறுத்த வேண்டும், வாங்கிய எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும், பணத்தைத் திருப்ப வேண்டும் என்று மூன்றையும் அதே வரிசையில் கேளுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதற்கும் மேலே போக விரும்பினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தை நம்பி நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. அதன் முத்திரைச் சீட்டு விதிகள் அரசு அறிவிக்கை செய்த பயிர்களுக்கும் ரகங்களுக்கும் உரியவை, இணையத்தில் விற்கும் எல்லா விதைக்கும் அல்ல. பாக்கெட், ரசீது, மீதமுள்ள விதை, தேதியோடு கூடிய படங்கள் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். மீதமுள்ள அந்தப் பன்னிரண்டு விதைகளை ஆய்வுக்குக் கேட்பார்கள், ஆசைக்காக விதைத்துவிட வேண்டாம். 140 ரூபாய்க்காக அலைவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்துக்காக என்றால் வேண்டாம். அந்த விதை தொடர்ந்து விற்பனையில் இருக்கிறது என்று தெரிந்தால் அலையத்தான் வேண்டும்.

மூன்றாவது தோழி

நீங்கள் கொடுத்தது உங்களுக்கே தெரியாத பிழை. அதில் உங்கள் மேல் குற்றம் இல்லை. தெரிந்த பிறகு பேசாமல் இருந்தால் அது உங்கள் குற்றம் ஆகிவிடும். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அவர் வீட்டில் இரண்டு பேத்திகள் அடிக்கடி வருவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோல்டன்பெரி என்று நம்பி, கூடு பழுத்ததும் பறித்துக் கழுவித் தட்டில் வைத்துக் கொடுக்கும் முதல் ஆள் அந்தப் பாட்டியாகத்தான் இருக்கும். செடிக்கு முற்றும் காலம் இதுதான்.

சீட்டுப் பணத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் வேண்டாம், மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"அக்கா, ஆவணியில் நான் கொடுத்த நாற்று கோல்டன்பெரி இல்லையாம். விதை பாக்கெட்டில் பெயர் தவறாக இருந்திருக்கிறது. நீலப் பூ பூப்பது அந்தச் செடிதான், இலையும் காயும் சாப்பிடக் கூடாது. பேத்திகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயை முதலில் பறித்துவிட்டுச் செடியை எடுத்துவிடுங்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்."

படித்துவிட்டார் என்ற குறி இன்று இரவுக்குள் தெரியவில்லை என்றால், அவருடைய மகளுக்கு அழையுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் நாளைக் காலை நேரில் போய், அவர் வாசலுக்கு வராவிட்டாலும் பேத்திகளின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.